வடிகட்டலும் விடுபடலும்

தரவுத்தளச் செயலிகளில் நிரைகளைத் தெரிந்து காட்டும் முறை பற்றிய ஒரு பாடம்

“உங்கள் பெயர் பட்டியலில் இல்லை” என்பது, இடர்க்காலத்திலே நிவாரணம் நாடிச் சென்ற எவரும் கேட்க அஞ்சும் வார்த்தை. 1978ஆம் ஆண்டு நவெம்பர் 23ஆந் திகதி வீசிய சூறாவளியும், 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதி எழுந்த ஆழிப்பேரலையும், 2011ஆம் ஆண்டு தை மாதத்துப் பெருவெள்ளமும் மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் வாழ்வோரைப் பட்டியல்களின் முன் நிறுத்தின. சூறாவளிக் காலத்திலே பட்டியல் என்பது தாளில் எழுதப்படுவது; இன்றோ அது பெரும்பாலும் கணினியில் எழுதப்படுவது. தாளிலே ஒரு பெயர் காணப்படவில்லையெனின், அஃது எழுதப்படவில்லை என்று பெரும்பாலும் துணிந்து கூறலாம். கணினிப் பட்டியலைப் பற்றி அவ்வாறு கூறுதற்கில்லை. பெயர் உள்ளே இருந்தும் திரையிலே தோன்றாதிருத்தல் கூடும். அந்நிலை எவ்வாறு உண்டாகின்றது, அதனை எவ்வாறு கண்டறிந்து விலக்கலாம் என்பதே ஈண்டுக் கூறப் புகுந்த பொருள்.

இப்பாடம் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் பயிலும் மாணாக்கருக்கு மட்டும் உரியதன்று. நம் பழைய மாணவருள் ஆசிரியர், கிராம உத்தியோகத்தர், எழுதுவினைஞர், வைத்தியர், வணிகர் எனப் பல துறையினரும் உளர். பட்டியலை ஆக்குவோர் அவருட் சிலர். பட்டியலை நம்பி முடிவு செய்வோர் பலர். இவ்விரு திறத்தாருக்கும் பயன்படுமாறு இதனை எழுதலானோம்.

1. சொற்களும் பொருளும்

ஒரு துறையைத் தமிழிலே கற்பதற்கு முதற்கண் அதன் சொற்கள் தெளிவாக அமைதல் வேண்டும். மட்டக்களப்பு மண் ஈன்ற விபுலாநந்த அடிகள் 1930களிலே கலைச்சொல்லாக்கப் பணியில் உழைத்ததும் இவ்வுண்மையை உணர்ந்தமையாலேயாம். நமக்கு வேண்டிய சொற்கள் சிலவே.

தொடர்புடைய தரவுகளை ஒழுங்குபடத் தொகுத்து வைத்திருக்கும் இடம் தரவுத்தளம். அதிலே தரவுகள் அட்டவணைகளாக அமையும். அட்டவணையிற் கிடையாகச் செல்வது நிரை. நெடுக்காகச் செல்வது நிரல். கணிதத்திலே தாயங்களைக் கற்றோர் இச்சொற்களை நன்கறிவர். வரவு இடாப்பிலே ஒரு மாணவனுக்குரிய வரி ஒரு நிரை. பெயர், பிறந்த திகதி, வகுப்பு என்பன நிரல்கள்.

தரவுகளை இவ்வாறு அட்டவணைகளாகக் கொண்டு, அவற்றின்மீது கணித முறையிலே செயல்கள் நிகழ்த்தலாம் என்பதை எட்கர் கொட் என்னும் அறிஞர் 1970ஆம் ஆண்டு ஒரு கட்டுரையால் நிறுவினார். அவர் ஐ.பி.எம். நிறுவனத்திற் பணிபுரிந்தவர். கணங்களும் தருக்கமும் அவருடைய முறைக்கு அடிப்படை. அவர் வழிவந்த அச்செயல்களுள் ஒன்று, ஒரு நிபந்தனைக்கு இயைந்த நிரைகளை மட்டும் தெரிந்தெடுத்தல். 1974இலே சேம்பர்லின், பொய்ஸ் என்னும் இருவர் அதே நிறுவனத்தில் வகுத்து வெளியிட்ட வினவல் மொழி, பின்னர் எஸ்.கியூ.எல். என்னும் பெயரால் உலகெங்கும் பரவிற்று. இன்று நாம் திரையிலே ஒரு பொத்தானை அழுத்திச் செய்யும் வடிகட்டல், உள்ளே பெரும்பாலும் அம்மொழியின் ஒரு நிபந்தனையாகவே மாறுகின்றது.

2. வடிகட்டல் யாது?

அட்டவணையின் ஒவ்வொரு நிரையையும் ஒரு நிபந்தனையால் வினாவி, ‘ஆம்’ என்று விடை தரும் நிரைகளை மட்டும் காட்டுதலே வடிகட்டல். இவ்விலக்கணத்திலே ‘காட்டுதல்’ என்னும் சொல்லை ஊன்றி நோக்குக.

நெல்லைச் சுளகிலிட்டுப் புடைக்கும்போது பதர் வெளியே போய்விடுகின்றது. வலையை இழுக்கும்போது கண்ணிலும் சிறிய மீன் வாவிக்குத் திரும்பிவிடுகின்றது. தரவு வடிகட்டலில் ஒன்றும் வெளியே போவதில்லை. எல்லா நிரைகளும் இருந்தவிடத்திலேயே இருக்கின்றன. சில நிரைகள் நம் கண்ணுக்கு மறைக்கப்படுகின்றன. இடாப்பின்மீது ஓர் அட்டையை வைத்துச் சில வரிகளை மூடுவதற்கு இதனை ஒப்பிடலாம். அட்டையை எடுத்தால் வரிகள் தோன்றும். ஆனால் அட்டை வைக்கப்பட்டுள்ளது என்பதை அறியாதவனுக்கு, மூடிய வரிகள் இல்லாத வரிகளேயாம். வடிகட்டலின் நன்மையும் தீமையும் இவ்வொன்றிலே அடங்கும்.

3. எங்கே வடிகட்டப்படுகின்றது?

தரவுத்தளச் செயலிகளை ஆக்குதற்குப் பல கருவிகள் தோன்றியுள்ளன. 1980களிலே டிபேஸ் என்னும் கருவி பெருவழக்காயிருந்தது. ஒரே வரிக் கட்டளையால் அதிலே வடிகட்டியை இடலாம். 1992இலே மைக்ரோசொப்ற் நிறுவனம் அக்செஸ் என்னும் கருவியை வெளியிட்டது. ஒராக்கிள் நிறுவனம் 2004இலே வேறொரு பெயரால் வெளியிட்ட இணையவழிக் கருவி, 2006 முதல் ஏபெக்ஸ் என வழங்கப்படுகின்றது. விலையின்றிக் கிடைக்கும் லிப்ரே ஒபிஸ் பேஸ் என்பதும் ஒன்று. இவற்றின் தோற்றம் வேறுபடினும், வடிகட்டல் நிகழும் இடங்கள் இரண்டேயாம்.

முதலாவது இடம் ஊற்று. தரவுத்தளத்தை வினாவும்போதே நிபந்தனையைச் சேர்த்தனுப்புதல் இம்முறை. இயைந்த நிரைகள் மட்டுமே திரைக்கு வந்து சேரும். பல்லாயிரம் நிரைகள் உள்ளவிடத்து இதுவே விரைவானது. ஆயின் திரைமுன் இருப்பவர் அந்நிபந்தனையைக் காணவும் மாட்டார், நீக்கவும் மாட்டார்.

இரண்டாவது இடம் திரை. படிவமோ அறிக்கையோ நிரைகளைக் காட்டிய பின்னர், பயன்படுத்துவோர் தாமே நிபந்தனை இடுதல் இம்முறை. அக்செஸ் படிவத்திலே ஒரு பெறுமானத்தைத் தெரிந்து, ‘இதற்குச் சமமானவை’ என்று கட்டளையிடலாம்; வெற்றுப் படிவத்தை நிரப்பியும் வடிகட்டலாம். நிபந்தனையை எழுதி வைக்கும் பண்பு ஒன்று, அதனைச் செயற்படுத்தும் அல்லது நிறுத்தும் பண்பு மற்றொன்று. எனவே நிபந்தனையை அழிக்காமலே நிறுத்தி வைக்கலாம். ஏபெக்ஸ் கருவியின் ஊடாட்ட அறிக்கையிலோ, இட்ட நிபந்தனை அறிக்கையின் தலைப்பகுதியிலேயே எழுத்திற் காணப்படும்; அதன் அருகிலுள்ள கட்டத்தைத் தொட்டு அதனை நிறுத்தலாம், மீண்டும் இயக்கலாம்.

இவ்வமைப்புக்களுட் சிறந்தது யாது என வினவின், எது நிபந்தனையைப் பயன்படுத்துவோர் கண்முன் நிறுத்துகின்றதோ அதுவே சிறந்தது என்போம். அக்செஸ் படிவத்தின் அடிப்பட்டையிலே ‘வடிகட்டப்பட்டது’ என்னும் சிறு குறிப்பு உண்டு. அதனை நோக்காது வேலை செய்வோர் பலர். செயலி ஆக்கும் மாணாக்கர் அச்சிறு குறிப்போடு அமையாது, “8 நிரைகளுள் 3 காட்டப்படுகின்றன” என்றாற்போல ஒரு வரியைப் படிவத்தின் தலையிலேயே அமைத்தல் நன்று.

4. ஓர் எடுத்துக்காட்டு

இனி, ஒரு கற்பனை அட்டவணையை நோக்குவோம். வெள்ளத்தால் இடருற்ற எட்டுக் குடும்பங்கள் அதிலே பதியப்பட்டுள்ளன எனக் கொள்க. நிரல்கள் நான்கு: குடும்ப எண், பகுதி, உறுப்பினர் தொகை, வீட்டின் நிலை.

1 — வாகரை — 5 — முழுச்சேதம்
2 — கிரான் — 3 — பகுதிச்சேதம்
3 — வவுணதீவு — 6 — (பதியப்படவில்லை)
4 — வாகரை — 2 — பகுதிச்சேதம்
5 — வெல்லாவெளி — 7 — முழுச்சேதம்
6 — கிரான் — 4 — (பதியப்படவில்லை)
7 — வவுணதீவு — 4 — பகுதிச்சேதம்
8 — வாகரை — 8 — (பதியப்படவில்லை)

மொத்தம் 8 குடும்பங்கள், 39 பேர். இவ்வெட்டு நிரைகளைக் கொண்டே வடிகட்டலின் நுட்பங்கள் பலவற்றை விளக்கலாம்.

5. ‘உம்’ என்பதும் ‘அல்லது’ என்பதும்

“வாகரையிலும் கிரானிலும் உள்ள குடும்பங்களைக் காட்டுக” என்று அதிகாரி கூறுகின்றார். இங்கு வந்த உம்மை எண்ணும்மை. தமிழ் இலக்கணத்தின்படி பிழையற்ற வாக்கியம். இதனை அப்படியே கணினி நிபந்தனையாக மாற்றி, “பகுதி வாகரை, மேலும் பகுதி கிரான்” என்று எழுதினால் ஒரு நிரையேனும் தோன்றாது. கணினி ஒவ்வொரு நிரையையும் தனித்தனியே வினாவுகின்றது. ஒரே குடும்பத்தின் பகுதி ஒரே வேளையில் வாகரையாகவும் கிரானாகவும் இருத்தல் இயலாது. ஆதலின் பேச்சிலே ‘உம்’ வருமிடத்து, நிபந்தனையிலே ‘அல்லது’ வருதல் வேண்டும். “பகுதி வாகரை அல்லது பகுதி கிரான்” என எழுதின் 1, 2, 4, 6, 8 ஆகிய ஐந்து நிரைகளும் தோன்றும்.

அதிகாரி மேலும், “அவற்றுள் ஐவருக்குக் குறையாதோர் உள்ள குடும்பங்கள் போதும்” என்கின்றார். அடைப்புக்குறியின்றி, “பகுதி வாகரை அல்லது பகுதி கிரான் மேலும் உறுப்பினர் 5க்குக் குறையாமை” என எழுதினால், கணினி ‘மேலும்’ என்பதையே முதலில் இணைக்கும். கூட்டலுக்கு முன் பெருக்கலைச் செய்வது போன்றது இவ்வழக்கம். எனவே வாகரைக் குடும்பங்கள் தொகை நோக்காது யாவும் தோன்றும். கிரானில் மட்டும் ஐவர் என்னும் விதி செல்லும். விடை 1, 4, 8 என மூன்று நிரைகள். இருவர் மட்டுமே உள்ள 4ஆம் குடும்பமும் உட்புகுந்துவிட்டது. இரு பகுதிகளையும் அடைப்புக்குறிக்குள் இட்டால் 1, 8 என்னும் இரு நிரைகள் மட்டும் வரும். இதுவே கேட்ட விடை. ‘அல்லது’ வருமிடமெல்லாம் அடைப்புக்குறி இடுதலைப் பழக்கமாகக் கொள்க.

6. வெறுமையின் இயல்பு

இப்பாடத்தின் உயிர்நிலை இப்பகுதியே.

“வீட்டின் நிலை முழுச்சேதம்” என வடிகட்டுக. 1, 5 ஆகிய இரு நிரைகள் தோன்றும், 12 பேர். இனி அதற்கு எதிர்மறையாக, “வீட்டின் நிலை முழுச்சேதம் அன்று” என வடிகட்டுக. எஞ்சிய ஆறும் தோன்றும் என்றே எவரும் எண்ணுவர். தோன்றுவனவோ 2, 4, 7 ஆகிய மூன்று மட்டுமே, 9 பேர். இரண்டையும் கூட்டினால் 5 குடும்பங்கள், 21 பேர். 3, 6, 8 ஆகிய மூன்று குடும்பங்களும் அவற்றின் 18 பேரும் எங்கே போயினர்?

அவர்களுடைய வீட்டின் நிலை பதியப்படவில்லை. பெறுமானம் இல்லாத இக்கட்டம் வெறுமை எனப்படும். அது சுழியன்று, ‘இல்லை’ என்னும் விடையுமன்று, அறியப்படாமை. அறியப்படாத ஒன்று முழுச்சேதமா என்று வினவின், ‘ஆம்’ எனவும் கூறலாகாது, ‘அன்று’ எனவும் கூறலாகாது. ‘தெரியாது’ என்பதே நேரிய விடை. எனவே எஸ்.கியூ.எல். மொழியின் தருக்கத்திலே மெய், பொய், தெரியாது என மூன்று விடைகள் உண்டு. வடிகட்டி ‘மெய்’ என்ற நிரைகளை மட்டுமே காட்டும். ‘தெரியாது’ என்ற நிரை, நிபந்தனையிலும் தோன்றாது, அதன் எதிர்மறையிலும் தோன்றாது. இது கருவியின் குறையன்று, வகுத்த விதியே. குறை, அவ்விதியை அறியாது பட்டியல் எடுப்போரிடத்தது.

வெறுமையைக் காண்பதற்கு, “வீட்டின் நிலை வெறுமையாக உள்ளது” என்னும் தனி நிபந்தனை உண்டு. சமக்குறி இட்டு வெறுமையைத் தேடினால் ஒன்றும் அகப்படாது. அறியப்படாத ஒன்று மற்றொரு அறியப்படாததற்குச் சமம் என்று யார் கூறுவார்? ஒராக்கிள் தரவுத்தளம் ஓர் எழுத்துமில்லாத எழுத்துக்கோவையையும் வெறுமையாகவே கொள்ளும். வேறு பல தரவுத்தளங்கள் அவ்விரண்டையும் வேறாகக் கொள்ளும். கருவி மாறும்போது இதனை நினைவிற் கொள்க.

வெறுமையின் மற்றொரு வடிவம் இதனினும் கொடிது. நிவாரணம் பெற்றோரின் குடும்ப எண்கள் வேறோர் அட்டவணையில் உள்ளன என்க. “பெற்றோர் அட்டவணையில் எண் இல்லாத குடும்பங்களைக் காட்டுக” என வினவுகின்றோம். அவ்வட்டவணையில் ஒரேயொரு நிரையிற் குடும்ப எண் வெறுமையாக இருப்பின், அவ்வெறுமை எந்த எண்ணாகவும் இருக்கலாம் அல்லவா? ஆதலின் எந்தக் குடும்பத்தைப் பற்றியும் ‘நிச்சயமாக அதில் இல்லை’ என்று கணினியாற் கூற இயலாது. பட்டியல் முற்றிலும் வெறுமையாய் வரும். பார்ப்பவர், “யாவரும் பெற்றுவிட்டனர்” என மகிழ்ந்து கோவையை மூடிவிடக்கூடும். இதனைத் தவிர்ப்பதற்கு, ஒத்த நிரை ஒன்று உண்டா இல்லையா என வினவும் முறையைக் கையாளல் வேண்டும். அல்லது வெறுமையை முன்னரே விலக்கல் வேண்டும்.

இனி, ஒரு கட்டம் ஏன் வெறுமையாகின்றது என்பதையும் சிந்திக்க. சில வேளை அது வாளாவிருந்ததன் பயன். ஆனால் வெள்ளக் காலத்திலே படுவான்கரை ஊர் ஒன்றுக்குச் செல்லும் பாதை நீரில் மூழ்கியிருக்க, உத்தியோகத்தர் அங்கு சென்று வீட்டைப் பார்வையிட இயலாதிருந்தமையும் காரணமாகலாம். அவ்வாறாயின், வெறுமையாக உள்ள நிரைகளே பெரும்பாலும் மிகுந்த இடருற்றோருடைய நிரைகள். யாரை முதலிற் காணல் வேண்டுமோ, அவரையே வடிகட்டி மறைத்துவிடுகின்றது. வெறுமையான கட்டம் நடுநிலையானதன்று. அதற்கும் ஒரு செய்தி உண்டு.

7. எழுத்தினால் வரும் விடுபடல்

தமிழிலே தரவு பதிவோர்க்கு இன்னும் சில இடர்கள் உள. வவுணதீவு என ஒருவர் பதிகின்றார். வவுனதீவு என மற்றொருவர் பதிகின்றார். படிப்போர்க்கு இரண்டும் ஓரூரே. கணினிக்கு இரண்டும் வெவ்வேறு. ஆரையம்பதியை ஆரைப்பற்றை எனப் பழைய பெயராற் பதிந்தாலும் அவ்வாறே. சொல்லின் இறுதியிலே கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி நின்றாலும் சில கருவிகள் வேறென்றே கொள்ளும்.

கண்ணுக்கு முற்றிலும் ஒன்றாகத் தோன்றும் எழுத்துக்களும் உள்ளே வேறாக இருத்தல் கூடும். ‘கொ’ என்பதை யூனிகோட் முறையிலே ககரமும் ஒகரக் குறியும் என இரண்டு குறியீடுகளாலும் எழுதலாம்; ககரம், எகரக் குறி, கால் என மூன்று குறியீடுகளாலும் எழுதலாம். இரண்டும் ஒன்றே என்பது யூனிகோட் விதி. ஆயினும் அவ்விதியின்படி இரண்டையும் ஒருவடிவப்படுத்தாத கருவி, கொக்கட்டிச்சோலையை இரண்டு ஊராகக் காணும். ‘ஔ’ என்னும் ஓரெழுத்தை ‘ஒ’, ‘ள’ என ஈரெழுத்தாற் பதிவதும் அத்தகையதே.

இலங்கையிலே பெருவழக்காயிருந்த பாமினி எழுத்துரு பற்றியும் கூறல் வேண்டும். அவ்வெழுத்துருவாற் பதிந்த பெயர் திரையிலே தமிழாகத் தோன்றினும், உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துக்களின் குறியீடுகளே. பழைய கோவைகளை மாற்றாது வைத்துக்கொண்டு யூனிகோட் தமிழால் வடிகட்டினால் ஒரு பெயரும் அகப்படாது. பட்டியல் தொலையவில்லை, தேடும் மொழி வேறாயிற்று.

எண்களிலும் இத்தகைய இடர் உண்டு. உறுப்பினர் தொகையை எண்ணாகக் கொள்ளாது எழுத்தாகப் பதிந்து வைத்தால், ‘5க்குக் குறையாமை’ என்னும் நிபந்தனை அகரவரிசை போல முதலெழுத்தை நோக்கும். 10 என்பது ‘1’ இல் தொடங்குதலால் 5க்குக் குறைந்ததாகிவிடும். பத்துப் பேருள்ள பெருங்குடும்பமே விடுபடும். திகதியில் நேரமும் சேர்ந்திருப்பின், “31ஆந் திகதி வரை” என்னும் நிபந்தனை 31ஆந் திகதி தொடங்கும் நள்ளிரவோடு நின்றுவிடும். அன்று பகலிற் பதிந்தோர் விடுபடுவர். அடுத்த மாதம் முதலாந் திகதிக்கு முற்பட்டவை என எழுதுதல் இதற்குப் பரிகாரம்.

ஊர்ப்பெயர்களுக்குப் பரிகாரம் எளிது. மட்டக்களப்பு மாவட்டத்தின் பிரதேச செயலாளர் பிரிவுகள் 14. அவற்றையும், அவற்றுள் அடங்கும் கிராம உத்தியோகத்தர் பிரிவுகளையும் குறியீட்டு எண்களோடு தனி அட்டவணையாக்கி, பதிவோர் தட்டெழுதாது பட்டியலிலிருந்து தெரியுமாறு படிவத்தை அமைத்தல் வேண்டும். வடிகட்டல் செவ்வனே நடைபெறுவது பதிவு செவ்வனே நடைபெறுவதைப் பொறுத்தது.

8. ஆழிப்பேரலை தந்த பாடம்

நம் நாட்டிலேயே இதற்குச் சான்றான ஒரு முயற்சி உண்டு. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையில் இலங்கையிலே முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். நாவலடி, கல்லடி முதலிய நம் கரையோர ஊர்கள் பட்ட துயரை ஈண்டு விரித்தல் வேண்டா. உறவினரைத் தேடுவோர், முகாம்களில் உள்ளோர், உதவி வழங்க வந்தோர் ஆகிய முத்திறத்தாரையும் இணைக்கத் தகவல் ஒழுங்கு வேண்டியிருந்தது. அவ்வேளை இலங்கைக் கணினி வல்லுநர் பலர் தொண்டர்களாகக் கூடி ஆக்கிய செயலியே சஹானா. சிங்களத்திலே அச்சொல்லுக்கு நிவாரணம் என்பது பொருள். காணாமற்போனோர் பதிவேடு, முகாம் பதிவேடு, உதவி நிறுவனங்களின் பதிவேடு, தேவைகளின் பதிவேடு என்பன அதன் உறுப்புக்கள். மூலநிரல் யாவர்க்கும் திறந்து விடப்பட்டமையால், 2005இலே பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும், 2006இலே பிலிப்பைன்ஸ் மண்சரிவின்போதும் அது பயன்பட்டது. 2006ஆம் ஆண்டுக்குரிய, சமூகப் பயனுள்ள செயற்றிட்டத்திற்கான கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் விருதும் அதற்குக் கிடைத்தது. அதன் பிற்காலத்து வடிவமாகிய ஈடன், இடர்க்காலத்திற்கு வேண்டிய தரவுத்தளச் செயலிகளை விரைவில் ஆக்குதற்குரிய கருவியாகவே வளர்ந்தது.

காணாமற்போனோர் பதிவேட்டை நோக்கினால், வடிகட்டியின் கண் எவ்வளவு நெருக்கமாக இருத்தல் வேண்டும் என்னும் வினா எழும். இறுக்கமான நிபந்தனை பொருந்தாதனவற்றை விலக்கும். அதனோடு எழுத்துப் பிழையாற் பொருந்தாத உண்மையான நிரையையும் விலக்கிவிடும். தளர்ந்த நிபந்தனை பொருந்தாத பலவற்றைக் காட்டும். ஆனால் வேண்டியதைத் தவறவிடாது. பண்டசாலைச் சரக்கைத் தேடுவோர் இறுக்கமான நிபந்தனையை விரும்பலாம். மகனைத் தேடும் தாய்க்கு நாற்பது பெயர்களைப் படிப்பது பாரமன்று. அவன் பெயர் தோன்றாது போவதே பேரிழப்பு. எனவே முழுப்பெயரின் சமன்பாட்டை விடுத்து, பெயரின் ஒரு பகுதி, ஏறத்தாழ வயது, கண்ட இடம் என்பனவற்றைக் கொண்டு தளர்வாகத் தேடுதலே தக்கது. எந்தப் பிழை பொறுக்கத்தக்கது, எது பொறுக்கத்தகாதது என்பதை முதலிலே துணிந்து, அதற்கேற்ப நிபந்தனை அமைத்தல் அறிவுடைமை. இத்துணிவு கணினிக்கு உரியதன்று, மனிதருக்கே உரியது.

9. திரையும் அச்சும், மறைவும் காவலும்

படிவத்தில் வடிகட்டிய பட்டியலை அச்சிடும்போதும் கவனம் வேண்டும். அக்செஸ் கருவியிலே படிவத்துக்கு இட்ட நிபந்தனை, அதனிலிருந்து திறக்கும் அறிக்கைக்குத் தானாகச் செல்லாது. நிபந்தனையை உடன் அனுப்புதல் வேண்டும். அனுப்பாவிடின் திரையில் மூன்று நிரைகளும் அச்சில் எட்டு நிரைகளும் வரும். படிவத்தின் அடியிற் காட்டப்படும் கூட்டுத்தொகை வடிகட்டிய நிரைகளுக்கே உரியது. அட்டவணையை நேரே வினாவிப் பெறும் கூட்டுத்தொகை யாவற்றுக்கும் உரியது. ஒரே தாளிலே இரண்டும் இடம்பெறின் எது எதற்குரியது என்பதை எழுதுக. ஏபெக்ஸ் ஊடாட்ட அறிக்கையைத் தரவிறக்கும்போது, மாறாக, இட்ட வடிகட்டியோடே இறங்கும். அக்கோவையைப் பெற்றவர் அதனை முழுப்பட்டியல் எனக் கருதுதல் எளிது.

மற்றொன்று: மறைத்தல் காத்தலாகாது. திரையிலே இட்ட வடிகட்டியை அதனைப் பார்ப்பவரே நீக்கிவிடலாம். முகாமில் உள்ள பெண்களின் விவரம், சிறுவரின் விவரம், நோயாளரின் விவரம் என்பனவற்றைப் பிறர் காணாதிருத்தற்கு வடிகட்டியை நம்புதல், கதவுக்குப் பதிலாகச் சீலையைத் தொங்கவிடுதல் போன்றது. எவர் எந்நிரையைக் காணலாம் என்னும் உரிமையைத் தரவுத்தளத்திலேயே விதித்தல் வேண்டும்.

10. முத்தொகைச் சரிபார்ப்பு

மேற்கூறியவற்றையெல்லாம் மாணாக்கர் மனத்திலிருத்துதற்கு ஒரு பழக்கத்தைக் கூறுவாம். வடிகட்டிய பட்டியலை எவரிடமும் கொடுக்குமுன் மூன்று தொகைகளை எடுத்தல் வேண்டும். நிபந்தனைக்கு இயைந்தவை எத்தனை? இயையாதவை எத்தனை? வெறுமையால் விடை தெரியாதவை எத்தனை? இம்மூன்றையும் கூட்டினால் அட்டவணையின் முழுத்தொகை வருதல் வேண்டும். நம் எடுத்துக்காட்டிலே 2, 3, 3, மொத்தம் 8. ஆட்களாக எண்ணின் 12, 9, 18, மொத்தம் 39. ஒன்று குறைந்தாலும் நிபந்தனையை மீண்டும் ஆராய்க. கூட்டுத்தொகை சரியாக வந்த பின்னரும், மூன்றாவது தொகையைத் தனிப்பட்டியலாக எடுத்து, “இவர்களை இன்னும் சென்று காணல் வேண்டும்” என்னும் தலைப்பிட்டு முதற்பட்டியலோடு சேர்த்து வைக்க. தலைப்பின் கீழே நிபந்தனையையும், பட்டியல் எடுத்த நாளையும் தமிழில் ஒரு வரியாக எழுதுக.

இதற்கு ஐந்து நிமிடமும் செல்லாது. கணக்கப்பிள்ளைமார் பற்று வரவைச் சமப்படுத்தாது பேரேட்டை மூடுவதில்லை. தரவைக் கையாள்வோர்க்கும் அவ்வொழுக்கம் வேண்டும்.

நம் கல்லூரியிற் கணினி பயிலும் மாணாக்கருட் சிலர் நாளை பிரதேச செயலகங்களிலும், வைத்தியசாலைகளிலும், பாடசாலைகளிலும் இத்தகைய செயலிகளை ஆக்குவர். பலர் அவற்றின் முன் அமர்ந்து மக்களுக்கு விடை கூறுவர். படுவான்கரையிலிருந்து தோணியேறி வந்த முதியவர் ஒருவர் முன்னே நிற்க, திரையில் அவர் பெயர் தோன்றாதாயின், “இல்லை” என்று கூறுமுன் வடிகட்டியை நீக்கி ஒருமுறை பார்க்க. பின்னர் வெறுமையான கட்டங்களையும் பார்க்க. அதன் பின்னரும் இல்லையெனின், அவரை அமரச் செய்து பெயரைப் பதிக.